இதைவிடப் பெரிய மேப்

"இதைவிடப் பெரிய மேப் இருக்கிற கேம் இல்லையா தம்பி?"

வீடியோ கேம் கடைக்காரன் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தான். கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, சவரம் செய்யாத முகம். மேப் என்ற சொல்லையே அன்று காலையில்தான் கற்றுக்கொண்டு வந்தவர் போலிருந்தார்.

"இதுவே பெருசுதான் சார். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடந்தா பொழுது விடிஞ்சிடும்."

"அவ்வளவுதானா?" அவர் முகம் விழுந்துவிட்டது. "வருஷக்கணக்குல ஓடணும் தம்பி. தீரவே கூடாது."

"யாருக்கு?"

"என் பையனுக்கு. அவன் வீட்டை விட்டு வெளிய காலே வைக்கக் கூடாது. அதுக்குத் தோதா ஒண்ணு கொடுங்க."

பிள்ளைகளை விளையாட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகத்தான் அப்பாக்கள் இந்தக் கடைப் படியேறுவார்கள். இப்படிக் கேட்டு ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

"அப்போ மேப் சைஸைப் பார்த்து ஏமாறாதீங்க. மேப் கடல் மாதிரி இருக்கும், உள்ள போனா வெறும் பொட்டல் காடு. நாலு நாள்ல சலிச்சிடும். உங்களுக்கு வேண்டியது சாண்ட்பாக்ஸ்."

"அப்படின்னா?"

இதைப் பேச ஆள் கிடைத்தால் கடைக்காரனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "குழந்தையை மணல்ல விட்ட மாதிரி சார். தோண்டலாம், கட்டலாம், கட்டினதை இடிக்கலாம். இதைச் செய், அதைச் செய்னு யாரும் விரட்ட மாட்டாங்க. ஜெயிக்கிறதும் இல்லை, தோக்கிறதும் இல்லை. அதனாலதான் அது முடியாது."

"உள்ள தப்பு ஏதாவது பண்ணிட்டா?"

"போலீஸ் துரத்தும். ஒரு சந்துல பதுங்கிட்டா, கொஞ்ச நேரத்துல மறந்துட்டுப் போயிடுவாங்க."

"செத்தவங்க?"

"திரும்ப லோடு பண்ணினா எந்திரிச்சு நடப்பாங்க." கடைக்காரன் சிரித்தான். "உக்காந்து பாருங்க சார், உங்களுக்கே புரியும்."

அவரை நாற்காலியில் உட்கார்த்தி ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தான். திரையில் கார் உறுமியது. சுட்டுக்கொண்டது போல அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி, எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கார் இல்லாததா கொடுங்க. ரோட்டுல ஆள் நடமாட்டமும் இருக்கக் கூடாது."

"காரும் இல்லாம, ஆளும் இல்லாம கேமா? அப்போ ஆளில்லாத தீவுதான் சார். மரம் வெட்டலாம், குடிசை போடலாம். பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது."

"அதைக் கொடுங்க."

உறைக்குள் போட்டுக்கொண்டே கடைக்காரன் குரலைத் தாழ்த்தினான். "பையன் ரூமை விட்டே வர்றதில்லையா சார்?"

அவர் பணத்தை எண்ணி வைத்தார். "ரெண்டு வருஷமா" என்றார்.

"கவலைப்படாதீங்க. நானும் படிப்பை விட்டுட்டு அப்படிக் கிடந்தவன்தான். ஒருநாள் தானா எந்திரிச்சு வெளிய வந்துடுவான்."

"வர வேண்டாம்" என்றார் அவர்.

ஆறுதல் சொல்லத் தனக்கு வராது என்று கடைக்காரன் நினைத்துக்கொண்டான். அவர் உறையை வாங்கவில்லை. "இதை நீங்களே சாயந்திரம் வீட்டு வாசல்ல வெச்சிடுறீங்களா? நான் வீட்டுல இருக்க மாட்டேன்" என்று விலாசம் சொன்னார். பிறகு, "எதிர்ப்பக்கம் வரைக்கும் கொஞ்சம் கூட வாங்க தம்பி. கால் நிக்க மாட்டேங்குது" என்றார்.

பாவம், பஸ் ஏறப் போகிறார் என்று கடைக்காரன் கையைக் கொடுத்தான். சாலையைக் கடந்தும் அவர் பிடியை விடவில்லை. பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, காவல் நிலையப் படியேறி, மேசைக்கு எதிரே போய்த்தான் நின்றார்.

"சார், நேத்து பாலத்துக்குக் கீழ ஒரு பொண்ணு செத்துப்போச்சே, அதை இடிச்சது என் கார்தான். நான்தான் ஓட்டினேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சின்ன வயசுப் பையன் ஒருத்தன் கார்லேர்ந்து இறங்கி ஓடினதைப் பார்த்தவங்க இருக்காங்களே. உங்களுக்குப் பையன் இருக்கானா?"

"இருக்கான் சார். ஆனா அவன் ரூமை விட்டு வெளிய வந்தே ரெண்டு வருஷமாச்சு" என்றவர், கடைக்காரனின் கையை இன்னும் இறுக்கினார். "இந்தத் தம்பிக்கு எல்லாம் தெரியும், கேட்டுப் பாருங்க."