கேட்டது என்று சொல்லும் விளக்கு

“இதைவிட மட்டமானது கிடைக்கலையா சிஸ்டர்?”

மேசைமேல் இருந்த, சிக்னல் அனுப்பும் இரண்டு ரேடியோ மாட்யூல்களில் சிறியதை விரல் நுனியால் ஒதுக்கித் தள்ளினார் பொறியாளர். முதியோர் இல்லத்தின் முப்பத்திரண்டு படுக்கைகளுக்கும் கம்பியில்லா அழைப்பு மணி பொருத்த வந்தவர். அவரைப் பெற்றவளும் அங்கேதான், ஒன்பதாம் படுக்கையில், எழ இயலாமல் கிடந்தாள். ஆகவே கூலி வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்.

“விலை மலிவு. அது போதும் தம்பி” என்றார் தலைமைச் செவிலி.

“இதுக்கு வாய் உண்டு, காது கிடையாது. பட்டனை அழுத்தினா கத்தும். உங்க மேசைக்கு வந்து சேர்ந்துச்சான்னு அதுக்கே தெரியாது. இந்தப் பெரிசு அப்படியில்ல. சிக்னல் இங்க வந்ததும் அங்க படுக்கைப் பக்கத்துல பச்சை விளக்கு எரியும். கூப்பிட்டது கேட்டுடுச்சுன்னு அவங்களுக்கு ஒரு நிம்மதி.”

“சின்னதையே, ஒரு தடவை அழுத்தினா அஞ்சு தடவை அனுப்பற மாதிரி வைக்க முடியாதா?”

“முடியும். ஆனா சிக்கனத்துக்கும் ஒரு அளவு இல்லையா? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டித்தானே போன மாசம் இருபதாம் படுக்கைப் பெரியவர் போனாரு?”

செவிலி சிறிய மாட்யூலை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் பெரியவரின் கண்களை மூடியவர் அவர்தாம்.

“சரி, விலை வித்தியாசத்தை நானே போடறேன். இப்பவாவது சம்மதமா?”

“தாராளமா. பச்சை விளக்கை மட்டும் பிடுங்கிட்டு மாட்டுங்க.”

பொறியாளருக்குச் சினம் தலைக்கேறியது.

“ஓசியில வர்ற விளக்கு கூட உறுத்துதா? உங்க அம்மா இங்க படுத்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

செவிலி நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை.

“முப்பத்திரண்டு பேருக்கு நாங்க மூணு பேர் தம்பி. ஒருத்தரைத் துடைச்சு, புரட்டிப் படுக்க வச்சு வர்றதுக்கே அரைமணி ஆயிடும். விளக்கே இல்லைன்னா, ‘பாழாப்போன மெஷின்’னு திட்டிட்டு மறுபடி அழுத்துவாங்க. எரிஞ்சும் ஆள் வரலைன்னா?”

“கேட்டுடுச்சு, எப்படியும் வருவாங்கன்னு காத்திருப்பாங்க. அவ்வளவுதானே?”

“எத்தனை நேரம்?”

பொறியாளர் தோளைக் குலுக்கினார்.

செவிலி சற்றுத் தயங்கினார். பிறகு, சொல்ல விரும்பாததைச் சொல்பவரைப் போல மெல்லப் பேசினார்.

“உங்க அம்மா தினமும் போன்ல உங்களுக்கு மெசேஜ் அனுப்பறாங்க. நீங்க படிச்சதும் அந்த ரெண்டு டிக்கும் நீலமாயிடுது. பதில் மட்டும் வர்றதில்ல. ‘அவர் இருக்கற இடத்துல சிக்னல் கிடையாதும்மா, போய்ச் சேர்ந்திருக்காது’ன்னு மூணு மாசமா நான்தான் பொய் சொல்லிட்டிருந்தேன். நீலம்னா என்ன அர்த்தம்னு முந்தாநாள் பக்கத்துப் படுக்கைக்காரம்மா சொல்லிக் குடுத்துட்டாங்க. அதுலேர்ந்து அம்மா சாப்பிடல தம்பி.”