முப்பத்தேழாம் வரிசை

திரையில் இரண்டே கட்டங்கள். ஒன்றில் "விலை" என்று இருந்தது. இன்னொன்றில் "இலவசம்".

ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் பின்னல் குறிப்பு இணையத்தில் ஏறும்.

அவர் தொடவில்லை. எழுந்து போய், அடுப்பில் எதுவும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

இருபத்தாறு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அழைப்பு வராத நேரத்தில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், ஒரு நர்ஸம்மாவிடம் கம்பளிப் பின்னல் கற்றுக்கொண்டார். ஊசி போடுவது நர்ஸ், ஊசி பிடிப்பது டிரைவர் என்று வார்டே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பின்னுவதை மட்டும் விடவில்லை.

இப்போது ஓய்வு. மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, ஓர் இடுப்பு வலி. கீழே கடைக்காரருக்கு அவர் என்ன வாங்குவார் என்பது மனப்பாடம். அதனால் அங்கேயும் வாயைத் திறக்கத் தேவையில்லை.

வரிசை வரிசையாக எப்படிப் பின்னுவது என்று சொல்லும் அந்தக் குறிப்பு ஒரு சால்வைக்கானது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு.

நோயாளியை இறக்கித் தள்ளும்போது போர்வை நுனி சக்கரத்தில் சிக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இந்தச் சால்வை முன்பக்கம் முழங்காலை மூடும். பக்கவாட்டில் முழங்கையோடு நின்றுவிடும். முதுகுப் பக்கம் இடுப்புக்குக் கீழே இறங்காது. உட்கார்ந்தால் மடிப்பு குத்தாது.

ஒன்றரை வருடம் ஆயிற்று. நான்கு முறை பின்னி, நான்கு முறையும் பிரித்தார். ஐந்தாவது முறை, ஒரு கண்ணிகூட முன்பின் இல்லாமல் கணக்கு நேராக நின்றது.

தங்கைக்குப் போன் செய்தார். வேலையில் இருந்தாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வெலை போடுங்கண்ணே. காசு குடுத்தவன்தான் நாலு கேள்வி கேப்பான். தானமா வந்த மாட்டை எவன் பல்லைப் பிடிச்சுப் பாக்கறான்? சரி, அப்புறம் பேசறேன்."

அவள் சொன்னது சரிதான்.

போன வருடம் ஒரு குல்லாவின் குறிப்பை இலவசமாகப் போட்டிருந்தார். நாலாயிரத்துச் சொச்சம் பேர் எடுத்துக்கொண்டார்கள். சிலர் சிவப்பு இதயம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை எழுதியவர் கிடையாது.

அந்த நாலாயிரம் தலைகளும் எந்தெந்தக் குளிரில் நடமாடுகின்றனவோ என்று சில நாள் யோசித்துப் பார்த்ததுண்டு.

விலைக் கட்டத்தில் ஒரு தொகையைப் போட்டார். இரண்டு டீ குடிக்கிற காசு. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அழித்தார்.

குறிப்பை மறுபடி திறந்து, முதல் வரிசையிலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தார். பாதியில் ஓரிடத்தில் நின்று, கடைசியாக ஒரு திருத்தம் செய்தார். அடியில் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, "சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று சேர்த்தார்.

"இலவசம்" என்பதைத் தொட்டார்.

சாயங்காலம் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. "உங்களுக்குப் பொழைக்கவே தெரியாதுண்ணே." கூடவே ஒரு சிரிப்பு முகம்.

முதல் நாள் இருநூறு பேர் எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஆயிரத்தைத் தாண்டியது. இதயங்கள் வந்தன. கும்பிடும் கைகள் வந்தன.

நான்காம் நாள் அதுவும் குறைந்தது. போனில் சத்தம் வைத்திருக்கிறோமா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஈரக் கையோடு எடுத்தார்.

முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"ஐயா, முப்பத்தாறாம் வரிசைக்கு மேல கணக்கு உதைக்குது. ரெண்டு தடவை பிரிச்சுப் பின்னிட்டேன். நான் எங்க தப்பு பண்றேன்?"

துணி அப்படியே கிடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு முறை படித்தார்.

ரெண்டு தடவை பிரித்திருக்கிறாள். அது சுருக்கென்று தைத்தது. ஒரு தடவை பிரித்ததும் எழுதிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

பதில் தயாராக இருந்தது. ஐந்து நாளைக்கு முன்பே எழுதி வைத்தது.

தப்பு உங்கள் மேல் இல்லை, முப்பத்தாறுக்கு அடுத்து ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது, இதோ அந்த வரிசை, மன்னிக்கவும்.

விட்டுப்போகவில்லை. அந்த வரிசையை எடுத்ததும், சந்தேகம் வராதபடி அதற்குக் கீழே இருந்த வரிசை எண்களையெல்லாம் மாற்றிப் போட்டதும் அவர்தான். காசு வாங்கிக்கொண்டு அப்படிச் செய்தால் அது திருட்டு. அதனால்தான் வாங்கவில்லை.

அனுப்பப் போனவர் விரலை நிறுத்தினார். பதில் ரொம்பச் சின்னதாக இருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. மறுபடி எழுத வேண்டிய அவசியமே இருக்காது.

கீழே இன்னொரு வரி சேர்த்தார்.

"யாருக்காகப் பின்னறீங்கம்மா?"