கர்னலும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

2021 தீபாவளியன்று மாலை ஆறு மணிக்கு, வரவேற்பறை ஷோகேஸில் மூன்றாவது ஆளாக வந்து நின்றார் கர்னல் பிக்ஸ்பி. பதினைந்து ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் ஊறிய அமெரிக்க போர்பன் விஸ்கி பாட்டில் அவர். பெயர், அந்தச் சரக்கை முதலில் காய்ச்சிய, கம்பெனிக்காரர்களின் கொள்ளுத்தாத்தாவுடையது. தாத்தாவின் மீசை லேபிளில் இருந்தது.

“பீப்பாயில் இருந்த அதே வீரியம். எங்கள் வம்சத்தில் தண்ணீர் சேர்ப்பதில்லை,” என்றார் கர்னல், வந்ததும் வராததுமாக.

தலையாட்டி பொம்மை தலையாட்டியது. அதற்கு வேறு எதுவும் தெரியாது.

கேரம் போட்டியில் ஜெயித்த கோப்பைக்குத்தான் வாய் அதிகம். “யோவ் கர்னல், பாக்கெட் பாலுக்கே ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்துற வீடுய்யா இது. உன்னை மட்டும் விட்டுடுவாங்களா?”

அன்றோடு கர்னலுக்குத் தூக்கம் போயிற்று. மூடி திறக்கும் நாளில் வம்ச மானம் போய்விடுமே!

வீட்டுக்காரரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நண்பர்கள் நால்வர் வந்தார்கள். “இவ்வளவு வயசான சரக்குல தண்ணி ஊத்தினா பாவம்பா,” என்று அப்படியே குடித்தார்கள். எல்லோருக்கும் இருமல். ஒருவர் அழுதே விட்டார்.

காலியான கர்னல் மேசையிலிருந்து கோப்பையைப் பார்த்துக் கத்தினார்: “பார்த்தாயா? ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!”

பொம்மை தலையாட்டியது.

“பாட்டில் நல்லா கனமா இருக்கே,” என்று வீட்டுக்காரம்மா அவரைக் கழுவ எடுத்துப் போனார்.

2023 மே 4-ஆம் தேதி முதல், கர்னல் பிக்ஸ்பி ஃபிரிட்ஜ் கதவில் கழுத்து வரை குடிதண்ணீரோடு நிற்கிறார்.