கோட்டுக்கு மேலே

அடுப்பை அணைத்தாள்.

பாத்திரத்தில் செம்பருத்தி இதழ்கள் வெளுத்துக் கிடந்தன. சிவப்பெல்லாம் தண்ணீருக்குப் போய்விட்டது.

புதினாவைக் கிள்ளிப் போட்டாள். ஆறியதும் சாத்துக்குடி பிழிந்தாள். மாதுளை முத்துகளை ஒரு கை அள்ளிப் போட்டாள். டீத்தூள் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. இதற்கு டீ என்று பேர் வைத்தவனைப் பார்க்க வேண்டும்.

அவள் கணவர் கட்டிலில் படுத்தபடி போனில் பார்க்கிற வீடியோவில் வரும் ஐஸ் டீ இது. அவருக்குச் சிறுநீரகம் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், மாத்திரைக்கும் சேர்த்து. பழம் கூடவே கூடாது.

அப்படிப்பட்ட மனுஷர், இந்தக் கத்திரி வெயிலில், யாரோ ஐஸ் டீ கலக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். சத்தம் வைத்துப் பார்க்கிறார். ஐஸ் கட்டி கண்ணாடியில் மோதுவது சமையலறைவரை கேட்கும். அவள் அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லை. காதால் கேட்டே செய்முறை மனப்பாடம்.

எரிச்சலாக வரும். பிறகு அழுகை வரும்.

அவர் எதிரில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை.

நேற்று டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இதயம் தாங்காது, இனி டயாலிசிஸ் செய்ய முடியாது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்.

“ஆசைப்பட்டதைக் குடுங்கம்மா.”

ஒன்றரை வருடமாகக் கொடுக்காதீர்கள், கொடுக்காதீர்கள் என்று சொன்ன அதே வாய்.

அந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரியாதவள் இல்லை அவள்.

வெளியே வந்து, மெஷின் ரிப்பேராம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம்கூட அவள் இன்னும் சொல்லவில்லை.

கண்ணாடித் தம்ளரை எடுத்தாள். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு கோடு. அவளே நகப்பாலிஷால் போட்டது. ஒரு வேளைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொட்டு போனாலும் அவர்தான் முதலில் சொல்வார். அந்த விஷயத்தில் அவளைவிட அவர் கறார்.

கோடுவரை ஊற்றினாள்.

நின்றாள்.

இதை இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு வாய் ஆசைக்கு என்று சொல்லிவிடலாம்; பொய் நிற்கும். மனுஷர் தாகத்தோடேயே போய்ச் சேர்வார்.

நிறைத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

பாழாய்ப்போன வெயில். பாழாய்ப்போன பிழைப்பு. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஊற்றினாள்.

கோட்டைத் தாண்டி, விளிம்புவரை ஊற்றினாள். ஐஸ் கட்டி போட்டதும் வழிந்து மேடையில் ஓடியது. துடைக்கவில்லை.

அவள் கட்டிலருகே வந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். தம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மடக் மடக்கென்று குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது.

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணுக்கு இந்த வாரமே லீவு கிடைக்குமான்னு கேட்டுப் பாரு.”