நேர்முகத்துக்கு முன்

மனைவியை மெல்பேணுக்கு அழைக்கும் விசா. அதிகாரிகளின் நேர்முகம் அடுத்த வாரம். மெல்பேணின் மல்கிரேவில் வழக்கறிஞர் தர்ஷனா, ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கேட்டு ஒத்திகை வைத்தாள். எதிரே இளங்கீரன் இருந்தான். கைபேசித் திரையில், வவுனியாவிலிருந்து அவன் மனைவி சுகந்தினி.

“அவர் என்ன வேலை செய்யிறார்?” என்று தர்ஷனா திரையைப் பார்த்துக் கேட்டாள்.

“ஒரு ஒஃபிஸிலை, அக்கா. கணக்குப் பகுதி.”

“அந்த ஒஃபிஸைக் கூட்டித் துடைக்கிறனான்” என்றான் இளங்கீரன், மேசையைப் பார்த்தபடி.

“சரி. அவருக்கு ஏதும் நோய் வருத்தம் இருக்கோ?”

“கடவுள் புண்ணியத்திலை ஒண்டும் இல்லை.”

“அஞ்சு வருசமாய் எனக்குச் சலரோகம், சீனி வருத்தம்.”

தர்ஷனா அவன் பக்கம் திரும்பினாள். “நீங்கள் சொல்லுங்கோ. மனுசி வேலைக்குப் போறவவோ?”

“இல்லை, வீட்டிலைதான்.”

“ரெண்டு வருசமாய் கார்மென்ற்ஸுக்குத் தைக்கப் போறன்” என்றது திரை.

தர்ஷனா பேனையை மூடினாள். “பொய்க் கலியாண விசா நான் செய்யிறேல்லை, தம்பி. இந்தப் பதிலுகளோடை போனால் அதிகாரியளும் அப்பிடித்தான் நினைப்பினம். விசா கிடைக்காது.”

“உண்மையாய்க் கட்டினனாங்கள், அக்கா” என்றாள் சுகந்தினி. “போனிலை கஷ்டத்தைச் சொன்னால் மற்றாள் தாங்காது எண்டு, ரெண்டு பேரும் நல்லதை மட்டும் சொல்லிப் பழகிட்டம்.”

“கடைசியாய் எப்ப ஒண்டாய் இருந்தனீங்கள்?”

சுகந்தினி பக்கத்தில் நின்ற மகளைத் திரைக்குள் இழுத்தாள்.

“அவர் ஒஸ்ரேலியாவுக்குப் படகேறேக்கை இவள் வயித்திலை. படகிலை போனவைக்குக் குடும்பத்தைக் கூப்பிட இப்பத்தான் விட்டிருக்கினம். இவள் போன மாசம் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டிட்டாள்.”