நான்காவது ஹோட்டல்

"ரூம்லயே அடுப்பு இருக்குமா? கறி வேகவைக்கப் பெரிய பாத்திரம் கிடைக்குமா?"

மாமியார் ரௌஷான் தொலைபேசியில் கேட்ட கேள்வி, எதிரே டீ ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் மெருயெர்த்தின் காதில் நெருப்பாக விழுந்தது.

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "அப்படியா? அப்ப சரிப்படாது" என்று ரௌஷான் போனை வைத்துவிட்டு, பட்டியலில் முதல் ஹோட்டலின் பெயரை அடித்தார்.

குளிர்கால விடுமுறைக்கு அல்மாட்டி நகருக்கு மேலே பனிமலையில் மூன்று நாள். அண்ணன் தம்பி மூன்று பேர், பெண்டாட்டி பிள்ளைகள், மாமியார் என்று பதினோரு பேர். இந்தத் தடவை உசத்தியான ஹோட்டல்தான் என்று கணவன் தௌலெத் சத்தியமே செய்திருந்தான். எந்த ஹோட்டல் என்பது மட்டும் அம்மா முடிவு.

கடைசி மருமகள்தான் எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அதுதான் வழக்கம். போன வருஷம் மலை விடுதியில் மெருயெர்த் பனியைப் பார்த்தது சமையலறை ஜன்னல் வழியாகத்தான். பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்கில் கோப்பை வாங்கியவள் அவள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளுடைய சறுக்குக் கட்டைகள் பால்கனியை விட்டு இறங்கவே இல்லை.

இரண்டாவது ஹோட்டலில், வீட்டிலிருந்து குதிரைக்கறி கொண்டுவந்து சமைக்கலாமா என்று மாமியார் கேட்டார். வேண்டாம் என்று வைத்தார். மூன்றாவதில், டீத்தண்ணி கொதிக்கவைக்கும் சமோவார் கொண்டுவர விடுவார்களா என்று கேட்டார். அதையும் அடித்தார். பாவி மனுஷி, அங்கேயும் என்னை அடுப்படியில் கட்டிப்போடாமல் விடமாட்டாள் போலிருக்கிறதே என்று மெருயெர்த்துக்கு வயிறு எரிந்தது. தௌலெத்தோ கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் காலிக் கோப்பையை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் டீப் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

"ஏன் அத்தை, அடுப்பு இருக்கிற இடம் கிடைக்கிற வரைக்கும் தேடுவீங்களா? நான் வரல. உங்களுக்கு வேலைக்காரிதானே வேணும், வேற ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

ஆறு வருஷத்தில் அவள் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. தௌலெத் வாயைப் பிளந்தான். ரௌஷானின் முகம் சிவந்துவிட்டது. அவர் நான்காவது எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேஜையில் வைத்து, அதே கேள்விகளைக் கேட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றது ஒரு பெண் குரல். "ரூம்ல அடுப்பு கிடையாது, கெட்டில்கூடக் கிடையாது. வெளிச் சாப்பாட்டை வாசல்லயே நிறுத்திருவோம். டீகூட எங்க ஆளுங்கதான் ஊத்துவாங்க."

இதுவும் போச்சு என்று மெருயெர்த் எழுந்தாள்.

"பதினோரு பேருக்கு ரூம் போட்டுடுங்க" என்றார் ரௌஷான். பிறகு மகன் நீட்டியிருந்த கோப்பையைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"மத்த மூணு ஹோட்டல்லயும் அடுப்பு இருக்கு, தாராளமா சமைச்சுக்கங்கன்னு சொல்லிட்டாங்க, அதான் வேண்டாம்னேன். இப்ப இந்த ஹோட்டல்ல போய் எவன் இவகிட்ட டீ கேக்கிறான்னு நான் பாக்கிறேன்."