கித்தான் சீட்டு

"சீட்டு ஒரிஜினல்தானே? பொய் சொல்லக் கூடாது" என்றபடி சத்தியநாதன் ஜீப்புக்குள் தலையை நுழைத்தார்.

"மிலிட்டரி ஏலத்துல எடுத்தப்போ எப்படி இருந்திச்சோ அப்படியேதான் சார் இருக்குது. நான் கையே வெக்கல" என்றான் ஜம்புலிங்கம்.

சத்தியநாதன், மெட்ராஸ் படக் கம்பெனி ஒன்றுக்குச் சாமான் தேடித் தருபவர். ஏலகிரி மலையில் யுத்தக் காட்சி எடுக்கப் போகிறார்கள். அதற்கு உலக யுத்தத்தில் ஓடிய ஜீப் வேண்டுமாம். ஆம்பூரில் அப்படி இரண்டே வண்டிகள். ஒன்று தோல் மண்டி ரஃபி அகமதுவுடையது. மற்றது ஜம்புலிங்கம் வாடகைக்கு ஓட்டுவது.

ஜம்புலிங்கத்துக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் குறைக்கும் சேர்த்து ஜீப்பைத்தான் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தான். அது திரையில் ஓடுவதை டூரிங் டாக்கீஸில் மனைவி அம்சவேணியோடு உட்கார்ந்து பார்த்துவிட்டால் போதும். அதற்கு மேல் அவனுக்கு ஒரு ஆசையும் இல்லை.

இங்கே வருவதற்கு முன் சத்தியநாதன் ரஃபி அகமதுவின் வண்டியைத்தான் பார்த்திருந்தார். சீட்டு முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

"நானே பொறுக்கி எடுத்துப் போட்ட தோல் சார். வெள்ளைக்காரத் துரைகூட இப்படி ஒரு சீட்டுல உக்காந்திருக்க மாட்டான்" என்றார் ரஃபி அகமது.

"அருமையான தோல்தான் பாய். ஆனா எனக்கு ஆகாது. ராணுவத்துல குடுத்த கித்தான் துணி சீட்டுதான் வேணும்."

ஆம்பூரில் நின்றுகொண்டு தோல் ஆகாது என்று சொன்ன ஆளை ரஃபி அகமது அன்றுதான் பார்த்தார். இவர் இன்னும் என்னதான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள ஜம்புலிங்கத்தின் வண்டிக்குப் பின்னாலேயே வந்து நின்றார்.

"இன்னா ஜம்பு, எத்தினி தடவ சொல்லியிருப்பேன், தோல் தர்றேன் போட்டுக்கோன்னு. கோணி மேல உக்காந்து ஓட்றியேன்னு சிரிச்சேன். இப்போ பாரு, உன் கோணிக்குத்தான் கிராக்கி."

"என் சம்சாரம்தான் வேணாம்னா பாய். தெருவெல்லாம் அந்த வாடைதான், வண்டியிலயாவது நிம்மதியா மூச்சு வுடணும்னா."

சத்தியநாதன் இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. சீட்டின் இரும்புக் குழாயைச் சுரண்டிப் பார்த்தார். கித்தானின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். மேலே வெளுத்திருந்தாலும் மடிப்புக்குள் பழைய ராணுவப் பச்சை அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு குனிந்து மோந்து பார்த்தார்.

"மழைக்காக மேல மெழுகு, எண்ணெய் ஏதாவது தடவினீங்களா?"

"இல்ல சார். தடவியிருக்கணுமா?"

"இல்லைன்னா பரவாயில்லை. பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலதானே?"

"ஆமா சார். சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோலே ஊத்தணும்."

"அதுவும் மாத்தலையா? ரொம்ப நல்லதாப் போச்சு."

மூலையில் கிழிசல் வழியாக எட்டிப் பார்த்த பஞ்சைக் கொஞ்சம் பிய்த்தார். கித்தான் நூல் ஒன்றையும் உருவினார். இரண்டையும் தரையில் வைத்துத் தீக்குச்சி கிழித்துக் காட்டினார். குப்பென்று பிடித்து, பிடி சாம்பல்கூட இல்லாமல் போயிற்று.

ரஃபி அகமது ஜம்புலிங்கத்தின் விலாவில் இடித்தார். ஆம்பூர்க்காரர்களுக்கு இது தெரியாத வித்தையா? தோல் அசலா போலியா என்று சந்தேகம் வந்தால் ஒரு நறுக்கைத் தீயில்தான் காட்டுவார்கள். மயிர் பொசுங்குகிற வாடை வந்தால் அசல்.

"நம்ம ஆளுங்க மாதிரியே பாக்குறாரு. கெட்டிக்கார மனுஷன்" என்று முணுமுணுத்தார் ரஃபி அகமது.

"அசல்தானே சார்?" என்றான் ஜம்புலிங்கம்.

"சந்தேகமே இல்லை. இந்த வண்டியே போதும். பேச வேண்டியதை நாளைக்கு மேனேஜர் வந்து பேசுவார்."

ஜம்புலிங்கத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள வெட்கப்பட்டு ஜீப்பின் முகப்பைத் துடைத்தான். தன் வண்டி தோற்றுப்போன வருத்தத்தை மறந்து ரஃபி அகமது அவனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஜெயிச்சுட்டே தோஸ்த். பஜார் முழுக்க டீ என் செலவு."

சத்தியநாதன் கிளம்புகிற சமயத்தில் ஜம்புலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு அருகில் வந்தான்.

"சார், ஒண்ணே ஒண்ணு. ஷூட்டிங் அன்னிக்கு வண்டிய நானே மலைக்கு ஓட்டியாந்துடறேன். சம்சாரத்தையும் கூட்டிட்டு வரலாமா? நம்ம வண்டி நடிக்கிறத அவ கண்ணால பாக்கணும்."

"தாராளமா வரச் சொல்லுங்க, ஆனா நல்லா தள்ளியே நிக்கச் சொல்லுங்க" என்றார் சத்தியநாதன். "போன படத்துல தோல் சீட்டு வெச்ச ஜீப் வாங்கி, எப்படிக் கொளுத்தியும் பத்திக்காம எங்க மானமே போச்சு, இதுன்னா குண்டு விழற காட்சியில கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வண்டியே மிச்சமில்லாம எரிஞ்சுடும்."